காரணம் எழுதும் இடத்தில் சத்தியம்

என் கணவர் ஷவ்கி ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். வயது ஐம்பத்திரண்டு. விடை தெரியாமல் தோற்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எல்லா விடையையும் சரியாக எழுதிவிட்டுத் தோற்றார். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அவருக்கு டைல்ஸ் வேலை. மன்ஸூராவில், அரசுக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருடம். இந்த வேலையை நின்றுகொண்டு செய்ய முடியாது. காலையில் முழங்கால் போட்டால் மாலையில்தான் எழுந்திருப்பார். இரண்டு முழங்காலிலும் சில்லு தேய்ந்துவிட்டது. இனி மண்டி போட்டால் இன்னும் இரண்டே வருடத்தில் கழிப்பறைக்குப் போகக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவரிடமும் சொன்னார். அவர் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய் மண்டி போட்டார்.

தினமும் மாலை எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். அவர் செருப்பைக் கழற்றும்போதே நான் கேட்பேன்.

"முழங்கால் போட்டீங்களா?"

"வல்லாஹி போடல."

கால்சட்டையில் இரண்டு முழங்காலிலும் சிமெண்ட் வட்டமாக அப்பியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டே சத்தியம் செய்கிற மனுஷனை என்ன செய்வது? நான் தைலத்தை எடுத்து வருவேன்.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. மேற்பார்வையாளர் கரீப் இந்த செப்டம்பரில் ஓய்வு பெற இருந்தார். மேற்பார்வையாளருக்கு மண்டி போடும் வேலை இல்லை. நின்றபடி ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, கோணலாக இருந்தால் திட்டினால் போதும். திட்டுவதில் என் கணவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அந்த இடத்துக்கு ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும், ஷவ்கியோ ஆறாம் வகுப்போடு நின்றவர். பொறியாளர் கூப்பிட்டு, "கரீப் போறதுக்குள்ள சான்றிதழ் கொண்டா, இடம் உனக்குத்தான். இல்லேன்னா கெய்ரோலேருந்து யாரையாவது அனுப்பிடுவாங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஷவ்கி தனித்தேர்வராக எழுதத் தொடங்கினார். அரபி, அறிவியல், சமூகவியல் எல்லாம் முதல் வருடமே தேறிவிட்டார். கணக்கு மட்டும் நின்றது. இரண்டாம் வருடமும் நின்றது.

எல்லா விடையும் சரி என்று சத்தியம் செய்தார். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். மனு எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு விடைத்தாளைப் பார்க்கப் போனேன்.

அறுபதுக்குப் பதினொன்று. விடைகள் எல்லாம் உண்மையிலேயே சரி. விடை மட்டும்தான் இருந்தது, மற்றபடி தாள் வெள்ளையாகக் கிடந்தது. வடிவியலில் எங்கள் பிள்ளைகள் எழுதும் முறை ஒன்று உண்டு. முதலில் கொடுக்கப்பட்டது, பிறகு கேட்கப்பட்டது, பிறகு நிரூபணம், நிரூபணத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம். ஆறு, எட்டு, பத்து பக்க அளவுள்ள முக்கோணத்தில் ஒரு கோணம் செங்கோணம் என்று நிரூபிக்கச் சொல்லியிருந்தார்கள். என் கணவர் நிரூபணம் என்ற இடத்தில் "செங்கோணம்" என்று எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது:

"அல்லாஹ் மீது சத்தியமாக இது செங்கோணம். இருபத்தாறு வருடமாக இந்த அளவை வைத்துத்தான் மூலை பிடிக்கிறேன்."

விடைத்தாளை எடுத்துக்கொடுத்த அலுவலகப் பெண் அடுத்த மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். ஷவ்கியோ அவர்களைப் பார்த்து, "ஏன் சிரிக்கிறீங்க? வேணும்னா மூலைமட்டம் வெச்சுப் பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மாலைத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் சமையலறை மேஜையில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இருபத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் மாமியாரைப் பார்த்தேன், இரண்டு பிரசவம் பார்த்தேன், மகன் ரிஃபாத் பட்டாளத்துக்குப் போனதையும் பார்த்தேன். இந்த ஒரு மணி நேரம் மாதிரி எதுவும் என் உயிரை வாங்கியதில்லை.

ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். ஒரு செவ்வக அறை. நீளம் அகலத்தைவிட மூன்று மீட்டர் அதிகம். பரப்பு இருபத்தெட்டு சதுர மீட்டர். நீளம், அகலம் என்ன?

நான் வாசித்து முடிக்கவில்லை. "நாலுக்கு ஏழு" என்றார்.

"எப்படி?"

"எப்படின்னா? நாலுக்கு ஏழு ரூம் எத்தனை போட்டிருக்கேன். இருபத்தெட்டு மீட்டர் டைல்ஸ், உடையறதுக்கு ரெண்டு மீட்டர் சேர்த்து வாங்கணும்."

"உடையறதை யார் கேட்டாங்க? படிப்படியா எழுதுங்க அபு ரிஃபாத். அகலம் தெரியாதுன்னு வெச்சுக்குங்க. அதுக்கு ஸீன்ங்கிற எழுத்தைப் பேரா வைங்க." மகன் பேரைச் சேர்த்து, ரிஃபாத்தின் அப்பா என்ற அர்த்தத்தில்தான் நான் அவரைக் கூப்பிடுவது.

"அதான் நாலுன்னு தெரியுமே. தெரிஞ்சதுக்கு எதுக்குத் தெரியாத மாதிரி நடிக்கணும்?"

நான் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அவர் கையைப் பிடிக்காத குறையாக எழுத வைத்தேன். அகலம் ஸீன். நீளம் ஸீன் கூட்டல் மூன்று. இரண்டையும் பெருக்கினால் இருபத்தெட்டு. அதாவது ஸீன் வர்க்கமும் மூன்று ஸீனும் சேர்ந்து இருபத்தெட்டு. இருபத்தெட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் அந்தப் பக்கம் பூஜ்யம். பெருக்கினால் மைனஸ் இருபத்தெட்டும் கூட்டினால் மூன்றும் வருகிற இரண்டு எண்கள் வேண்டும்: ஏழும் மைனஸ் நாலும். ஆகவே ஸீன் நாலாக இருக்கலாம், மைனஸ் ஏழாகவும் இருக்கலாம்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"மைனஸ் ஏழு மீட்டர் அகலத்துல ரூமா? அதுல எவன் குடியிருப்பான்?"

"யாரும் குடியிருக்க மாட்டாங்க. அதனாலதான் பக்கத்துல 'ஏற்கத்தக்கதல்ல'ன்னு எழுதணும்."

"வேண்டாதவனை நாமே வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சு, அப்புறம் வெளிய போடான்னு சொல்லணுமா? கூப்பிடாமலே இருந்துடலாமே."

"அதுக்கு ஒரு மார்க் இருக்கு."

"வெளிய போகச் சொல்றதுக்கா?"

"ஆமா."

"இந்தப் புத்தகம் எழுதினவனுக்கு வேலை வெட்டி இல்ல" என்று எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். எனக்குக் கோபத்தோடு கோபமாக அழுகையும் வந்தது. இந்த மனுஷனுக்குக் கணக்கு வராமல் இல்லை. மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கண்டுபிடிப்பதை இவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். அதற்காகவே இவரைத் தோற்கடிக்கிறார்கள், இவரும் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

இந்த நிலையில் எங்கள் குளியலறைக் கூரையில் ஈரம் பூத்தது. உள்ளங்கை அளவுதான் முதலில். ஷவ்கி அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார்.

"மேல பஹ்கத் வீட்டுக் குளியலறைத் தரை. மூலைல ரெண்டாவது டைல்ஸ் ஓரம் விட்டுப்போச்சு."

மேல்வீட்டு பஹ்கத் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாதாடுவதற்கென்றே ஓய்வு பெற்றவர். போய்ச் சொன்னதற்கு, "என் குளியலறை உலர்ந்து கிடக்கு, உன் வீட்டுக் குழாயைப் பாரு" என்று கதவைச் சாத்திவிட்டார். மாடிப்படியில் இருவரும் கத்தியது தெருவரைக்கும் கேட்டது. கடைசியில் கீழே பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஹாஜி முதவல்லி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் கட்டடத்தில் எந்தச் சண்டையும் அவர் கடையில், அவர் கொடுக்கும் தேநீரோடுதான் முடியும்.

நானும் போயிருந்தேன். என் கணவர் எடுத்த எடுப்பில், "வல்லாஹில் அழீம், ஹாஜியாரே, தண்ணி இவர் வீட்டுலேருந்துதான் வருது" என்றார்.

ஹாஜியார் தேநீரைக் கலக்கினார். "வழக்குக் கொண்டுவந்தது யாரு ஷவ்கி?"

"நான்தான்."

"அப்போ நீ சத்தியம் பண்ணி என்ன ஆகப்போகுது? வழக்குச் சொல்றவன் சாட்சி காட்டணும். இல்லேங்கிறவன்தான் சத்தியம் பண்ணணும். உன்கிட்ட சாட்சி இருக்கா?"

"என் கண்ணு இருக்கு."

"உன் கண்ணு உன் தலையில இருக்கு. எனக்குக் காட்ட முடியுமா?"

பஹ்கத் தனக்குத் தெரிந்தவரை தன் வீட்டில் கசிவு இல்லை என்று சத்தியம் செய்தார். தேநீரைக் குடித்தார். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு மேலே போனார். என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கணக்கில் தோற்றபோதுகூட அவர் இப்படி ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முக்காலியைப் போட்டு ஏறினார். "முழங்காலை வெச்சுக்கிட்டு எதுக்கு ஏறுறீங்க?" என்று நான் கத்தியது காதிலேயே ஏறவில்லை. ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தேதி எழுதினார். மறுநாள் எங்கள் வீட்டுக் குழாய்களை மொத்தமாக அடைத்துவிட்டார். இரண்டு நாள் கீழ்வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டியது. மறுபடியும் ஒரு கோடு, மறுபடியும் தேதி.

பிறகு வசந்த விழா வந்தது. பஹ்கத் குடும்பம் உப்பு மீனையும் வெங்காயத்தையும் கட்டிக்கொண்டு இஸ்மாயிலியாவில் மகள் வீட்டுக்குப் போனது. நாலு நாள். ஷவ்கி தினமும் ஏறிப் பார்த்தார். ஈரம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவர்கள் திரும்பி வந்து குளித்த மறுநாள் பெருத்தது. என் குளியலறைக் கூரை முழுக்கக் கோடும் தேதியுமாக நிறைந்தது. துடைக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு தாளோடு ஹாஜியார் கடைக்குக் கிளம்பினார். வாசலில் பிடுங்கிப் பார்த்தேன்.

"கொடுக்கப்பட்டது: என் கூரையில் ஈரம்.

எங்கள் குழாயை அடைத்தும் ஈரம் வளர்ந்தது. ஆகவே எங்கள் குழாய் இல்லை.

மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது. ஆகவே மழை இல்லை.

மற்ற எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடிய நாலு நாளில் ஈரம் சுருங்கியது. ஆகவே பொதுக்குழாய் இல்லை.

அந்த நாலு நாளில் ஓடாதது பஹ்கத் வீட்டுத் தண்ணீர் மட்டும். திரும்ப ஓடியதும் ஈரம் வளர்ந்தது. ஆகவே பஹ்கத் வீடு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"எட்டு மாசம். எட்டு மாசமா என் தொண்டைத் தண்ணி வத்தினது இதுக்குத்தானே? இது என்ன?"

"சாட்சி."

"இது நிரூபணம். 'ஆகவே'ன்னு நாலு தடவை எழுதியிருக்கீங்க. கணக்குல ஒரு தடவை எழுதச் சொன்னா உங்களுக்குக் கை வலிக்குது."

"கணக்குல யார் இல்லேன்னு சொன்னாங்க? இங்க அந்த ஆளு இல்லேன்னு சொல்றானே."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு காலமும் இதுதானா? யாரும் மறுக்காத விஷயத்தை எதற்கு நிரூபிக்க வேண்டும் என்பதுதான் இவர் மண்டையில் நின்ற முட்டுக்கட்டையா?

"கேளுங்க அபு ரிஃபாத். விடைத்தாள்ல வழக்குச் சொல்றவர் நீங்க. திருத்துறவன் எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்துக்கும் இல்லேன்னு சொல்றான். நீங்க சத்தியம் பண்ணிட்டு வந்துட்டீங்க. சாட்சி எங்கேன்னு கேக்குறான், நீங்க கொடுக்கல. அவன் தேநீரைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டான்."

அவர் என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார். "பஹ்கத் மாதிரியா?"

"பஹ்கத்தேதான்."

அன்று ஹாஜியார் தாளைப் படித்துவிட்டு, எழுந்து தானே பஹ்கத் வீட்டுக்குப் போய்க் குளியலறை மூலையில் ஒரு குவளைத் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றச் சொன்னார். மறுநாள் காலை எங்கள் கூரை ஓரத்தில் நீலம் இறங்கியிருந்தது. பஹ்கத் வந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சவரைக்கும்னுதானே சொன்னேன்" என்றார். தரையைச் சரி செய்ய அவரே வேறு ஆள் வைத்துக்கொண்டார். மூலையில் இரண்டாவது டைல்ஸ்தான் என்று அந்த ஆள் சொன்னதாகக் கேள்வி.

என் தொல்லை அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல? முன்பு ஒரு வரி எழுத மாட்டார். இப்போது ஒரு கணக்குக்கு இரண்டு பக்கம் எழுதினார். ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, எட்டின் வர்க்கம் அறுபத்து நாலு, கூட்டினால் நூறு, பத்தின் வர்க்கமும் நூறு, ஆகவே பத்துக்கு எதிரே உள்ளது செங்கோணம். இது ஐந்தே வரி. இவர் அதற்கு முன்னால், முப்பத்தாறும் அறுபத்து நாலும் ஏன் நூறு என்பதற்கும் காரணம் எழுதினார்.

"இதெல்லாம் வேண்டாம்."

"உனக்கு அவனைத் தெரியாது. இங்க ஒரு ஓட்டை விட்டா அது வழியாப் போயிடுவான்."

மைனஸ் ஏழைக்கூட இப்போது ஆசையாக வீட்டுக்குக் கூப்பிட்டார். "வா, உட்காரு" என்று சொல்லி எழுதிவிட்டு, "ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில் அறைக்கு எதிர்மறை அகலம் கிடையாது" என்று இரண்டு முறை அடிக்கோடிட்டார். நேரம் பார்த்து எழுதுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பரீட்சை அன்று பள்ளி மதில் ஓரம் மற்ற தாய்மார்களோடு நின்றேன். அவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக நின்றார்கள். உங்கள் பிள்ளை எந்த வரிசை என்று ஒருத்தி கேட்டாள். கடைசி வரிசை என்று சொன்னேன். எல்லோரும் வந்த பிறகு கடைசியாக நொண்டிக்கொண்டு வந்தார்.

"இன்ஸாஃப், கடைசிக் கணக்கைத் தொடவே இல்ல. மணி அடிச்சுட்டாங்க."

"ஏன்?"

"மூணாவது கணக்குல பஹ்கத் ரொம்ப வாதாடிட்டான்."

நைல் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதைவிட மோசம். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று ஓரிடத்தில் போட்டிருந்தார். இன்னொன்றில் கடைசி விடையைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக விடையைத் தப்பாக எழுதிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை திட்டாமல் வீட்டுக்குக் கூட்டிவந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும், அன்று சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். கெய்ரோக்காரன் வந்து நிற்பதையும் இவர் அவன் காலடியில் மண்டி போடுவதையும் நான் ஒரு மாதம் தினமும் நினைத்துப் பார்த்தேன்.

முடிவு வந்தது. அறுபதுக்கு முப்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பது போதும்.

நான் தாளை மூன்று முறை படித்தேன். எல்லாம் சரியாக எழுதிய வருடம் பதினொன்று. இரண்டைத் தப்பாக எழுதி, ஒன்றைத் தொடாமல் விட்ட வருடம் முப்பத்து மூன்று. இந்த உலகத்தை யார் நடத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஷவ்கி மட்டும், "சாட்சி சரியா இருந்தா கணக்குல அங்க இங்க சறுக்கினாலும் ஹாஜியார் ஒத்துக்குவாரு" என்றார்.

அக்டோபர் முதல் தேதி மேற்பார்வையாளராகப் போனார். மாலையில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பழக்கதோஷம், சமையலறையிலிருந்தே கேட்டேன்.

"முழங்கால் போட்டீங்களா?"

வழக்கமான சத்தியம் வரவில்லை. உடை மாற்றும் சத்தம் கேட்டது. நீள அங்கியோடு வந்து, கழற்றிய கால்சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு முழங்காலையும் திருப்பிப் பார்த்தேன். காலையில் நான் இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. இருபத்தாறு வருடம் அந்த இடத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தவள் நான்.

"சாப்பாடு ஆறுது, போய் உட்காருங்க. எப்பப் பாரு நடுவுல வந்து நின்னுக்கிட்டு" என்றேன். அவர் போய் உட்கார்ந்தார். அந்தக் கால்சட்டையை நான் அன்று துவைக்கவில்லை.